தோற்க ஆள் தேடிய காட்டெருமை

ஒரு காட்டில், தோற்பதற்கு ஆள் கிடைக்காமல் ஒரு காட்டெருமை அல்லாடிக்கொண்டிருந்தது. பெயர் சங்கிலிமுத்து. அந்தக் காட்டின் மல்யுத்த சாம்பியன். சாம்பியனைப் போய் ‘அது, இது’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இனி அவர் என்றே சொல்கிறேன். படிக்கிறவர்களும் அப்படியே நினைத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டீர்கள்.

அந்தக் காட்டு மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் ஆட்டத்தன்று காலையிலேயே முடிவாகிவிடும். முடிவு செய்கிறவர் மல்யுத்தக் கம்பெனி முதலாளியான கோதண்டம் என்ற முள்ளம்பன்றி. அவரோடு யாரும் கட்டிப் புரள முடியாது என்பதால் அவர் முதலாளி ஆனார். வேறு தகுதி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம்தானே என்று அடி மட்டும் லேசாக விழாது. கோதாவில் விழுகிற உடம்பு நிஜமாகத்தான் விழும், எலும்பு நிஜமாகத்தான் பிசகும். பார்க்க வருகிற மிருகங்களுக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்தே வந்து, தெரியாதது மாதிரி உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போவார்கள். அந்த விஷயத்தில் அது ரொம்ப நாகரிகமான காடு.

சங்கிலிமுத்துவுக்கு முன்னங்கால் முட்டி இரண்டும் போய்விட்டது. காலையில் அவர் எழுந்து நிற்பதற்குள் வெயில் ஏறிவிடும். மனைவி வடிவு தலையால் ஒரு முட்டுக் கொடுத்தால்தான் பின்பக்கமே தூக்கும். மலைக்கு அந்தப் பக்கம் வடிவின் அண்ணன் இருக்கும் இடத்தில் ஒரு குளம் உண்டு. கழுத்தளவு சேறு, பக்கத்திலேயே நக்குவதற்கு உப்புப் பாறை. அதில் இறங்கி மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மீதி ஆயுளைக் கழித்துவிட வேண்டும். சங்கிலிமுத்துவுக்கு இந்த உலகத்தில் பாக்கி இருந்த ஆசை அது ஒன்றுதான். இதோ கிளம்பிவிடலாம், அதோ கிளம்பிவிடலாம் என்று வடிவுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கிளம்ப விடாமல் பிடித்துவைத்திருந்தது கம்பெனி வழக்கம். சாம்பியன் நினைத்தால் பெல்ட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுப் போய்விட முடியாது. தன்னைவிட இளைய ஓர் ஆணிடம், ஊரே பார்க்க, நடுக்கோதாவில் மல்லாந்து, நடுவர் மூன்று எண்ணும்வரை கிடந்துவிட்டுத்தான் போகவேண்டும். இதற்குத் ‘தோற்றுக்கொடுப்பது’ என்று பெயர். தோற்றுக்கொடுக்காமல் போன சாம்பியன் இறங்கிய தண்ணீரில் வேறு யாரும் இறங்க மாட்டார்கள். மச்சினனே ஆனாலும் சேற்றைவிட்டு எழுந்து போகச் சொல்லிவிடுவான்.

சரி, தோற்றுவிடலாம் என்றால் இளைய ஆண் எங்கே?

பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. மருதாயி என்ற இளம் காட்டெருமை ஒருத்தி இருந்தாள். எதிரியைக் கொம்பில் கோத்துத் தூக்கி, சுற்றிப் போட்டாள் என்றால் போட்ட இடத்தில் பள்ளம் விழும். அவள் ஆட்டத்துக்கு விடிகாலையிலேயே வரிசை கட்டி நிற்பார்கள். ஆண்கள் பக்கம் பார்த்தால் கண்ணில் நீர் வரும். இருப்பதிலேயே இளையவர் என்று சொல்லப்பட்ட செந்நாய்க்கு அந்த வாரம்தான் கொள்ளுப்பேரன் பிறந்து பெயர் வைத்தார்கள். வாலிபப் பயல்கள் எல்லாரும் பாறை மேல் செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். கோதாவில் இறங்கமாட்டார்கள். இறங்கினவன் எப்படி இறங்கியிருக்க வேண்டும் என்று மட்டும் நாள் முழுக்க விளக்குவார்கள்.

சாம்பியனை ஜெயிக்க இளைய ஆண் தேவை என்று கோதண்டம் காடு முழுக்க மைனாவை விட்டு அறிவித்தார். முதலில் வந்தவன் தர்ஷன் என்ற வாலிபக் கரடி. நல்ல தோள், நல்ல மயிர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மேளம் அடிக்க, யானைகள் புகை மாதிரிப் புழுதி ஊத, அவன் நடந்து வந்த அழகைப் பார்த்துச் சங்கிலிமுத்துவுக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. கோதா வரைக்கும் வந்தவன் திரும்பி நடந்தான். மறுபடி வந்தான். மறுபடி திரும்பினான். உள்ளே வரச் சொன்னார் கோதண்டம். “உள்ளே வேற வரணுமா?” என்று கேட்டான் தர்ஷன். நடந்து வருவதோடு முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் பயிற்சி எடுத்தானாம். சங்கிலிமுத்து கெஞ்சிப் பார்த்தார். கரடி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டது.

அடுத்து ஒரு புள்ளிமான் வந்தது. அது வருவதற்கு முன்னாலேயே அதன் அம்மா வந்துவிட்டாள். பையன் கொம்பைத் தொடக்கூடாது, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கீழே தள்ளக்கூடாது, மேலே தூக்கக்கூடாது, வெயிலில் நிறுத்தக்கூடாது என்றாள். மற்றபடி எப்படி வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாமாம்.

இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான், சங்கிலிமுத்து போகக்கூடாது என்று நினைத்திருந்த இடத்துக்குப் போனார். கோதாவுக்குப் பின்னால் மாசாணம் என்ற ஓநாய் சுக்குத்தண்ணீர்க் கடை போட்டிருந்தான். ஒரு காலத்தில் அவனும் பயில்வான்தான். பாய்ந்தால் கண்ணுக்கே தெரியமாட்டான். அவனிடம் தோற்றுக்கொடுக்கச் சொல்லிக் காலையிலேயே முடிவாகியிருந்த ஒரு நாளில், ஆமை நடுவர் “ஒன்று… இரண்டு…” என்று எண்ணியபோது, கூட்டம் சங்கிலிமுத்துவின் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவர் தோள் தானாக மேலே எழும்பிவிட்டது. எழும்பினது எழும்பிவிட்டதே என்று மாசாணத்தைத் தூக்கி வேலிக்கு வெளியே வீசிவிட்டார். அவனுக்கு முன்னும் பின்னும் இதே மாதிரி எத்தனையோ பேர் வேலி தாண்டிப் போனார்கள். ஒருத்தரும் திரும்பி உள்ளே வரவில்லை.

சங்கிலிமுத்து சுற்றி வளைக்காமல் கேட்டார். தன்னை ஒருதரம் அடித்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். மாசாணம் அவருக்கு ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சுக்குத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

“அன்னிக்கே கேட்டிருந்தா உயிரையே கொடுத்திருப்பேண்ணே,” என்றான். “இப்ப எனக்கும் வயசாகிப் போச்சு. பார்த்தா உங்களைவிட ரெண்டு மாசம்தான் சின்னவன் மாதிரி இருக்கேன், இளையவன்னு சொன்னா யார் நம்புவா? அதுவும் உங்க புண்ணியம்தான்.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் சங்கிலிமுத்துவுக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவருக்கு அழுகை வந்துவிட்டது. சுக்கு காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

அன்று சாயங்காலம் கோதண்டம் ஒரு யோசனையோடு வந்தார். தூக்கணாங்குருவிகளிடம் சொல்லி ஒரு முகமூடி பின்னி வைத்திருந்தார். கொம்புக்கு இரண்டு ஓட்டை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, நெற்றியில் மின்னல். இதை மருதாயிக்கு மாட்டிவிட்டால் போதும், அடுத்த காட்டிலிருந்து வந்த வாலிபன் ‘மின்னல் மைந்தன்’ என்று சொல்லிவிடலாம். அவளும் ஜெயிப்பாள், இவரும் சேற்றுக்குப் போகலாம். மைனா அதற்குள் காடெல்லாம் அறிவித்தும் விட்டது. மைந்தனுக்கு வயது மூன்று என்று வேறு சொல்லிவிட்டது.

மருதாயி முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நான் ஜெயிச்சா மருதாயி ஜெயிச்சான்னு சொல்லுவீங்களா பெரியப்பா?” என்றாள்.

சங்கிலிமுத்து தரையைப் பார்த்தார். கோதண்டம், பெல்ட் ஆணுக்குத்தான் என்பது கம்பெனி வழக்கம், நாளைக்கு மாற்றலாம், இன்றைக்குக் கொஞ்சம் அனுசரித்துப் போ என்றார்.

“உங்க முழங்காலுக்காக நான் மைந்தனாக முடியாது. பெரியம்மாகிட்ட சொல்லுங்க, கால்ல தேய்க்க நல்ல பச்சிலை இருக்கு, கொண்டாந்து தர்றேன்,” என்று சொல்லிவிட்டு அவள் பயிற்சிக்குப் போய்விட்டாள். முகமூடி புல்லின் மேல் கிடந்தது. கோதண்டம் முகமூடியைப் பார்த்தார், பிறகு சங்கிலிமுத்துவின் தலையைப் பார்த்தார். காட்டெருமைத் தலைக்குப் பின்னியது வேறு யாருக்கும் சேராது. இரண்டு நாளில் ஆட்டம். கூட்டம் அதற்குள் இடம் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

“எப்படிங்க மொதலாளி? நான்தானே ரெண்டு பேரும்,” என்றார் சங்கிலிமுத்து.

“புழுதி எதுக்கு இருக்கு?” என்றார் கோதண்டம்.

ஆட்டத்தன்று நாலு மூலையிலும் யானைகள் நின்றன. சங்கிலிமுத்து பெல்ட்டோடு வந்து உறுமினார். யானைகள் புழுதி ஊதின. புழுதி அடங்கினபோது அதே இடத்தில் மின்னல் மைந்தன் நின்று உறுமினான். கூட்டம் எழுந்து ஆடியது. மறுபடி புழுதி. உள்ளே சங்கிலிமுத்து தன் வலது காலால் தன் இடது காலைத் தட்டிவிட்டுத் தானே தொபீரென்று விழுந்தார். முகமூடியைக் கழற்றினார், கிடந்தார். மாட்டினார், எழுந்தார், கிடந்தவர் இருந்த இடத்தில் ஓங்கி மிதித்தார், அவசரமாகக் கழற்றிவிட்டு அந்த மிதிக்காக அலறினார். சாதாரண ஆட்டத்தில் வலியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு மொத்தமும் அவருக்கே வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணில் படவே இல்லையே என்று பாறை மேலிருந்து ஒரு குரங்குப் பயல் கேட்டான். பக்கத்திலிருந்த பெரியவர்கள் அவன் வாயைப் பொத்தி உட்காரவைத்தார்கள்.

கடைசியில் யானைகள் மூச்சைப் பிடித்து ஊதிய பெரும்புழுதிக்குள், சங்கிலிமுத்து மல்லாந்து படுத்தார். ஆமை நடுவர் தடவிப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். ஒன்று. கூட்டம் சங்கிலிமுத்து, சங்கிலிமுத்து என்று கத்தியது. இரண்டு. வழக்கமாகத் தோள் எழும்பும் நேரம் அது. எழும்பவில்லை. தோற்பது தன்னிடம்தானே என்று அவர் மனசு முதல்முறையாகச் சமாதானமாக இருந்தது. அவர் வாழ்நாளில் பார்த்த எதிராளிகளில் பெல்ட்டுக்குத் தகுதியானவன் என்று மனசார ஒப்புக்கொண்டது இவன் ஒருவனைத்தான். மூன்று.

புழுதி அடங்கியது. மைந்தன் மட்டும் நின்றான். பெரியவரைப் பின்பக்கமாக மரியாதையோடு தூக்கிப்போய்விட்டார்கள் என்று மைனா அறிவித்தது. காடே எழுந்து நின்று அழுதது. முகமூடிக்குள் மைந்தனும் அழுதான்.

பின்பக்கம் வடிவு மூட்டை முடிச்சோடு நின்றிருந்தாள். சங்கிலிமுத்து முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, போகலாம் வா என்றார். அதற்குள் கோதண்டம் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் சாம்பியனுக்கு ஆட்டம் இருக்கிறதாம்.

“நான் தோத்துக்கொடுத்தாச்சுல்ல மொதலாளி?”

“கொடுத்தாச்சு. சங்கிலிமுத்து அண்ணன் தாராளமா போகட்டும். அவரை யார் பிடிச்சு வச்சா? நான் கேக்குறது தம்பியை.”

“அப்ப தம்பியும் தோத்துட்டுப் போறான்.”

“போகட்டும். அவனைவிட இளைய ஆணாப் பாத்து,” என்றார் கோதண்டம். “தம்பிக்கு மூணு வயசு. காடெல்லாம் தெரியும்.”

சங்கிலிமுத்து வடிவைப் பார்த்தார். வடிவு கீழே கிடந்த முகமூடியைப் பார்த்தாள், அதை எடுத்துத் தூசி தட்டி அவர் கையில் கொடுத்தாள்.

“எங்க வீட்டுக்காரர் ஓய்வு வாங்கியாச்சாம் தம்பி. சேத்துக்குத்தான் போயிருப்பார். நான் அங்க போய்ப் பாத்துக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு மலை ஏறிப் போனாள். ஒருதரம்கூடத் திரும்பவில்லை. சங்கிலிமுத்து அவள் மறைகிற வரைக்கும் நின்றார். அந்த முட்டிகளோடு அவ்வளவு நேரம் நின்றது பெரிய விஷயம்தான்.

மைந்தன் புகழ் பரவியது. அடுத்த மழை முடிந்ததும், அவனைப் பார்த்துப் பார்த்துத் தானும் பயில்வானாக வேண்டும் என்று வெறிபிடித்து, இருளப்பன் என்ற ஒரு காட்டெருமைக் காளை வந்து சேர்ந்தான். நிஜமாகவே இரண்டரை வயசு. நிஜமாகவே பலம். உள்ளே வரச் சொன்னால் உள்ளே வந்தான். அம்மா கூட வரவில்லை. சங்கிலிமுத்து அவனைக் கட்டிப்பிடித்து உச்சிமோந்தார். எங்கே விழவேண்டும், எப்படி அமுக்க வேண்டும் என்று அவரே பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். காலையிலேயே முடிவாகிவிட்டது: பையனுக்குத்தான் பெல்ட். இன்றைக்குச் சாயங்காலம் வந்துவிடுகிறேன், சேற்றில் இடம் போட்டு வை என்று மைனாவிடம் வடிவுக்குச் சொல்லியனுப்பினார்.

பையன் சொல்லிக்கொடுத்தபடியே அழகாகத் தூக்கிப் போட்டான். அழகாக அமுக்கினான். ஆமை எண்ணியது. ஒன்று. இரண்டு.

அப்போது கூட்டத்திலிருந்து யாரோ, “மைந்தா!” என்று கத்தினார்கள்.

பையனை வேலிக்கு வெளியே தேடி எடுத்து, தண்ணீர் தெளித்து, ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். போகிற வழியில் செல்போன் எங்கே வாங்கலாம் என்று அவன் விசாரித்தானாம். மைந்தன் பெல்ட்டை உயரத் தூக்கிக் காட்டிக்கொண்டு கோதாவைச் சுற்றி வந்தான். நன்றாக நொண்டினான். இந்தக் காலத்துப் பையன்களிடம் சரக்கே இல்லை என்று முகமூடிக்குள் அவனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

நீதி: மூத்தவர்கள் இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும். இளைஞர்கள் யார் என்பதை மூத்தவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.