கோழிக்கூண்டுக்குப் போன ட்ரிகர்

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, எங்கள் ஒன்பது கோழிகள், உன் வீட்டுக்காரர் ஆகிய எல்லோரும் இந்த வரிசையிலேயே நலம். அங்கே நீயும் வெல்டிங் பட்டறையும் எரியாமல் இருக்கிறீர்களா என்று அறிய ஆவல்.

'துப்பாக்கிப் போட்டியில தேறினா ஆறு மாசம் பயிற்சி முகாமுக்குப் போயிடுவார், தேறலேன்னா துப்பாக்கியை வித்துட்டு வந்து பட்டறையைப் பார்க்கிறேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கார், நீதான் கூட இருந்து பார்த்து உள்ளதை எழுதணும்' என்று கேட்டிருந்தாய். உள்ளதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் கையில் இருப்பதை யார் மேலாவது எறிந்துவிடுவாய்.

மாப்பிள்ளை வந்து இறங்கிய அன்றைக்கே கிளப்பில் சுட்டார். குறி அட்டையில் நடுப்புள்ளி மட்டும் பத்திரமாக இருந்தது, சுற்றியெல்லாம் சல்லடை. "கண்ணாடி மாத்தணுமோ மாப்ளே?" என்று கேட்டேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு மச்சான். இந்த ட்ரிகர்தான் கல்லு மாதிரி. இதை இழுக்கிறதுக்குள்ள குழல் ஆடிப்போகுது" என்றார். கல் என்றதும் ஞாபகம் வருது, நம்ம வீட்டுத் துவைக்கிற கல் ரெண்டாப் பிளந்துபோச்சு, ஏன் பிளந்ததுன்னா உன் அண்ணி ஒருநாள் என் மேல கோபமா இருந்தப்போ... சரி, அது அப்புறம். ட்ரிகருக்கு வர்றேன்.

துப்பாக்கி ரிப்பேர்காரர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் பழைய ட்ரிகரைக் கழட்டிட்டு, பளபளன்னு புதுசு ஒண்ணு மாட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை ஒருதரம் தொட்டுப் பார்த்துட்டு, "இன்னும் லேசா வேணும்" என்றார். ரிப்பேர்காரர் திருகாணியைத் திருகினார். "இன்னும்." திருகினார். "சார், இதுக்கு மேல போனா போட்டியில சேர்க்க மாட்டாங்க" என்றார். "நீங்க திருகுங்க, நான் பார்த்துக்கறேன்." தொட்டாச்சிணுங்கிகூட இவ்வளவு ரோஷப்படாது தங்கச்சி, அப்படி ஆகிப்போச்சு அந்த ட்ரிகர். கழட்டின பழசை வீணாக்குவானேன்னு நான் வாங்கி வந்து கோழிக்கூண்டுக் கதவுக்குக் கொக்கியா வெச்சேன். பூனை தலைகீழா நின்னு பார்த்தும் திறக்கல.

இப்போ புதுக் குறை. வருஷக்கணக்கா பட்டறையில வெல்டிங் ராடு பிடிச்சு மாப்பிள்ளை விரல் காய்ப்புக் காய்ச்சிக் கிடக்கே, அதுல இந்த லேசு ட்ரிகர் படுறதே அவருக்குத் தெரியல. உடனே விரலைத் திருத்த ஆரம்பிச்சார். உன் அண்ணி குதிகால் தேய்க்கிற கல்லை எடுத்து நாள்பூரா ஆட்காட்டி விரலைத் தேய்க்கிறது, எண்ணெய் தடவுறது, துணியில சுத்தி மடியில வெச்சுக்கிறது. "தம்பி, அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்துங்க"ன்னு உன் அண்ணி சொன்னா, "விரல் கெட்டுடும்க்கா." தட்டு கழுவினா விரல் கெட்டுடும். கதவு சாத்தினா விரல் கெட்டுடும். சோறு மட்டும் அதே விரலால பிசைஞ்சா ஒண்ணும் ஆகாது. அங்கே நீ முகமூடியைப் போட்டுக்கிட்டு இரும்பை ஒட்டிக்கிட்டு இருக்கே, இங்கே இவர் விரலைத் தாலாட்டிக்கிட்டு இருக்கார்.

நேத்துப் போட்டி. அங்கே நடுவர் ஒருத்தர், ஆறடிக்கு மேல நின்னு 'மணி ஆச்சு, மணி ஆச்சு'ன்னு கத்துறதால மணிக்கூண்டுன்னு பேர். சுடுறதுக்கு முன்னாடி குண்டில்லாத துப்பாக்கியை நிமிர்த்திப் பிடிச்சு, ட்ரிகர்ல ஒரு எடையைத் தொங்க விடுவார். ட்ரிகர் தாங்கணும், அதுதான் சட்டம். மாப்பிள்ளையோடது 'டிக்'.

"ஏன்யா, நான் எடையை இன்னும் மாட்டவே இல்ல. கிட்ட கொண்டுபோனதுக்கே விழுந்துடுச்சா? பழசு இருந்தா மாட்டிட்டு வாங்க, இல்லேன்னா அந்த பெஞ்சுல உட்கார்ந்து கைதட்டுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அப்புறம் போட்டிக்கு வந்திருந்த ரிப்பேர்காரர்கிட்ட புது ட்ரிகரைக் கழட்டி வாங்கிக்கிட்டு வீட்டுக்கு சைக்கிளை மிதிச்சேன். "அந்தக் கொக்கியை எடுத்தா கூண்டு எப்படிச் சாத்தும்?"ன்னு உன் அண்ணி கத்தினா. "இதை மாட்டிக்கோ, இது ஒசத்தி"ன்னு புதுசைக் கொடுத்துட்டு ஓடிவந்தேன். ரிப்பேர்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டுக் கோழி எச்சத்தைத் துடைச்சு மாட்டினார். மாப்பிள்ளை கஷாயம் குடிச்ச முகத்தோட சுட்டார். முடிவு சொல்றவரைக்கும்கூட நிக்கல. "போச்சு மச்சான், பட்டறையைத் திறக்க வேண்டியதுதான்"னு சைக்கிள் பின்னாடி ஏறினார். கொஞ்ச தூரம் வந்து, விரலைப் பார்த்துக்கிட்டே, "பழைய ட்ரிகர் எந்த இடத்துல விடுதுன்னு இந்தத் தேய்ச்ச விரலுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது"ன்னார். தெரிஞ்சு என்ன பண்ண?

ஆகவே தங்கச்சி, நீ கேட்ட உண்மை இதுதான்: தேறவில்லை. சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவர் விரலிலிருந்து இறங்கிய காய்ப்பெல்லாம் உன் கையில் ஏறியிருக்கும், வந்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடு. உன் கைக்கு ஓய்வும், பட்டறைக்கு வேலையும், மாப்பிள்ளைக்குப் புத்தியும் கிடைக்க வாழ்த்தும்,
அண்ணன்.

பி.கு.: கவரை ஒட்டப் போறப்போ மணிக்கூண்டு ஸ்கூட்டர்ல வந்து இறங்கினார். மாப்பிள்ளைதான் முதலாம்! "அந்த ட்ரிகரை என்னய்யா பண்ணீங்க?"ன்னார். "கோழிக்கூண்டுல ஊறவெச்சோம்"னேன். பயபக்தியாக் கேட்டுக்கிட்டு, முகாமுக்கு என்னையும் ட்ரிகர் நிபுணரா வரச் சொல்லிட்டார். சாப்பாடு நல்லா இருக்குமாம். அதனால மேலே எழுதினதை எல்லாம் அடிச்சுடு. கோழிகள் நலம்னு எழுதினதையும் சேர்த்து அடி. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினார், புது ட்ரிகர் திறந்துக்கிச்சு, ஒன்பதும் தெருவுல. உன் அண்ணி பிடிக்கப் போயிருக்கா. அவ திரும்பறதுக்குள்ள நானும் மாப்பிள்ளையும் கிளம்பிடுவோம். பஸ் டிக்கெட்டை மேஜை மேலேயே வெச்சிருக்கேன், வீணாகாது, சனிக்கிழமை அவ உன் வீட்டுக்கு வருவா. துவைக்கிற கல் எப்படிப் பிளந்ததுன்னு அவளையே கேட்டுக்கோ. கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோ.