மொட்டைக் கழுத்துக் கிட்டார்

"புள்ளி வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்," என்றது போன்.

பல் டாக்டரின் இரண்டு கைகளும் ஒரு தடித்த மனிதரின் வாய்க்குள் இருந்தன. போனை டாக்டரின் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நர்ஸ் நின்றாள்.

"என்ன புள்ளி?"

"கிட்டார் கழுத்துல வைக்கிற புள்ளிதான். மூணாவது கட்டம், அஞ்சு, ஏழு, ஒன்பதுன்னு வெள்ளையா சிப்பியில பதிப்போமே, கை எங்க இருக்குன்னு தெரியறதுக்கு. பலகை மேஜை மேல ரெடியா கிடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா துளை போட்டுடுவேன்."

"எங்க மாமனார் கிட்டார்ல புள்ளி இருக்கா?"

"அதுல ஏது? அது சுத்த மொட்டை."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

"ஓரத்துலயாவது சின்னதா வைக்கிறேனே. வாசிக்கிறவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்."

"ஓரம், நடு, எங்கயும் வேண்டாம். மொட்டையாவே இருக்கட்டும்."

"பின்னாடி வேணும்னு வந்து நிக்கக் கூடாது. நரம்பெல்லாம் கட்டினப்புறம் நான் கை வைக்க மாட்டேன்."

"நிக்க மாட்டேன்."

நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்த தடித்த மனிதர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருக்கு வலித்ததா, அல்லது அவரும் கிட்டார் வாசிப்பவரா என்று டாக்டர் விசாரிக்கவில்லை.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய மாமனார் வாசிப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். ஹோட்டல்களில் மாலைக் கச்சேரி வாசித்தே குடும்பத்தைக் கரையேற்றிய மனிதர் அவர். வாசிக்கும்போது கிட்டாரைக் குனிந்து பார்த்தார் என்ற பேச்சே கிடையாது. முகத்தை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தபடி லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பார். கை பாட்டுக்குக் கழுத்தில் ஏறி இறங்கும். அதைவிட அழகு, அவர் ஸ்வரத்தைப் பிடிக்கிற விதம். நேராகப் போய் உட்கார மாட்டார். கொஞ்சம் கீழே தொடங்கி வழுக்கிக்கொண்டே மேலே போய் நிற்பார். சில சமயம் மேலே தொட்டுவிட்டுக் குழைந்து கீழே வருவார். கேட்பவர்களுக்கு மனசு உருகிவிடும். அந்த வழுக்கலைக் கற்றுக்கொள்ளத்தான் டாக்டர் கிட்டாரையே கையில் எடுத்தார்.

இப்போது மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள் வருகிறது. அவரே கூப்பிட்டு, "மாப்பிள்ளை, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ரெண்டு பாட்டு வாசிச்சுடுவோம்," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற பாக்கியம் கிடைத்திருக்கிறது. அந்த மனிதருடைய பெயர் தன்னால் கெட்டுவிடக் கூடாது. அவருக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

"அப்பாவுக்குப் புள்ளி வேண்டாம், சரி. உங்களுக்கு எதுக்கு அந்த வீம்பு?" என்றாள் மனைவி.

"மாமா பக்கத்துல போய் புள்ளி வச்ச கிட்டாரோட உட்காரச் சொல்றியா? சைக்கிள் பந்தயத்துக்கு மூணு சக்கர வண்டியில போன மாதிரி இருக்கும்."

"மூணு சக்கரமா இருந்தா விழாமயாவது போகலாம்," என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

கிட்டார் வந்தது. என்ன அழகு! கருங்காலிக் கழுத்து, ஒரு மறு இல்லாமல், நீவிவிட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. டாக்டர் அதை அரைமணி நேரம் தடவிப் பார்த்தார். பிறகு வாசித்துப் பார்த்தார்.

கை கீழ்க்கட்டங்களில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. பாட்டின் நடுவே கழுத்தில் மேலே தாவவேண்டிய இடம் ஒன்று வந்தது. தாவினார். எங்கேயோ போய் விழுந்தார். மறுபடி தாவினார், வேறெங்கேயோ விழுந்தார். இரும்புக் கம்பிகளும் கறுப்புக் கட்டங்களுமாக எல்லாம் ஒரே ஜாடையில் இருந்தன. மாமாவைப் போல வழுக்கிப் பார்த்தார். வழுக்கல் வந்தது, ஆனால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

மறுநாள் கடையில் வெள்ளை வட்ட ஸ்டிக்கர் வாங்கிவந்து கழுத்தில் ஒட்டினார். பிரமாதமாகத் தாவ முடிந்தது. ஆனால் வியர்த்த விரல்களில் ஸ்டிக்கர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. ஒன்று சட்டைக் கையில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று எப்படியோ க்ளினிக் வரை வந்து, ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் அதோடு வகுப்புக்குப் போய்விட்டு, சாயங்காலம் போன் செய்து டாக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

மானத்தை விட்டு, கிட்டார் செய்தவரிடம் போய் நின்றார்.

"நான்தான் அப்பவே கேட்டேனே."

"தப்புதான். இப்ப வச்சுக் குடுங்களேன்."

"வைக்கலாம். நரம்பைக் கழட்டணும், காய விடணும், மெருகு போடணும். அடுத்த மாசம் வாங்க."

"வர்ற ஞாயித்துக்கிழமை வாசிக்கணும்!"

"அப்ப மாமனாரை மாதிரி வாசிங்க," என்றார் அவர், உளியைத் தீட்டிக்கொண்டே.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது டாக்டருக்கு. துளை போடுவதும் அடைப்பதும் ஒரு வேலையா? காலையிலிருந்து இரவுவரை அவர் வேறென்ன செய்துகொண்டிருக்கிறார்?

அன்று மதியம் க்ளினிக் நாற்காலியில் கிட்டார் மல்லாந்து படுத்தது.

"இவங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கா டாக்டர்?" என்றாள் நர்ஸ்.

"கிண்டலை வீட்டுல வச்சுக்கோ. குழாயைப் பிடி, தூளை உறிஞ்சணும்."

நரம்புகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, விளக்கைக் கழுத்தின் மேல் இறக்கினார். வழக்க தோஷத்தில், "கொஞ்சம்கூட வலிக்காது," என்று கிட்டாரிடம் சொன்னார். பிறகு வேலையில் இறங்கினார். உள்ளதைச் சொல்லவேண்டும், அந்தக் கையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அசைவே தெரியாமல், மிளகு அளவில் வட்டமாகத் துளைத்து, பல் அடைக்கிற வெள்ளைப் பசையை அதில் வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கி, தேய்த்து மெருகேற்றினார். நகத்தால் தடவினாலும் தட்டுப்படவில்லை. நர்ஸே ஒரு கணம் வாயடைத்துப் போனாள். அவளுக்கு வாய் திரும்பியபோதுதான் வினை வந்தது.

"டாக்டர், எல்லாம் ஒரு கட்டம் தள்ளி இருக்கிற மாதிரி இல்ல?"

"என்ன உளர்றே?"

"அஞ்சாவதுன்னு வச்சீங்களே, எண்ணிப் பாருங்க. நாலுதான் வருது."

எண்ணினார். நாலுதான் வந்தது. கழுத்தின் உச்சியில், நரம்புகள் தொடங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு எலும்புத் துண்டு இருக்கும். கிட்டார்க்காரர்கள் யாரும் அதை எண்ணமாட்டார்கள். ஆனால் பல் டாக்டர் கண்ணுக்கு, வரிசையில் வெள்ளையாக, கெட்டியாக முதலில் நிற்பது எதுவோ அதுதான் ஒன்று. அதிலிருந்து எண்ணித் தொலைத்திருந்தார்.

முகத்தில் ஈயாடவில்லை. சரியான இடங்களில் மறுபடி துளைத்து அடைத்தார். இப்போது கழுத்து முழுவதும் ஜோடி ஜோடியாகப் புள்ளிகள் நின்றன. எது அசல், எது போலி என்று அவருக்கே குழப்பம்.

"தப்பா வச்சதைக் கறுப்புப் பசையால மறைச்சிடலாமே?"

"கறுப்புல பசை ஏது? அந்த நிறத்துல எவனுக்காவது பல்லு இருக்கா?"

நர்ஸ் யோசித்துவிட்டு, "ஷூ பாலிஷ் இருக்கு," என்றாள்.

தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டுப் போலிப் புள்ளிகளைக் கறுப்பாக்கினார்கள். எட்டி நின்று பார்த்தால் கச்சிதமாக இருந்தது. டாக்டர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உறவுக்கூட்டம் நிறைந்திருந்தது. மேடையில் இரண்டு நாற்காலிகள் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் டாக்டருக்கு யோசனை ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்தால் மாமாவின் கண்ணில் இந்தப் புள்ளிகள் படாமல் இருக்குமா? கேட்டால் என்ன சொல்வது? நைசாகத் தன் நாற்காலியை இழுத்து, மாமாவுக்கு முன்னால் ஓரடி தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, அங்க போயிட்டீங்க?" மாமாவின் குரல் என்னவோபோல் இருந்தது.

"பரவாயில்லை மாமா, இங்க காத்து வருது."

"இல்ல, வந்து..." என்று அவர் இழுப்பதற்குள் யாரோ கைதட்டிவிட்டார்கள். தொடங்கியாயிற்று.

முதல் பாதி முழுக்க இருவருக்கும் கீழ்க்கட்டங்கள்தான், தேன் மாதிரி போனது. பின்னாலிருந்து மாமாவின் தந்திகள் பேசப் பேச, டாக்டருக்கு மேனி சிலிர்த்தது. தாவவேண்டிய இடம் வந்தது. குனிந்து கழுத்தைப் பார்த்தார்.

வியர்வையில் ஷூ பாலிஷ் கரைந்து ஓடியிருந்தது. போலிப் புள்ளிகள் எல்லாம் பளிச்சென்று விழித்துக்கொண்டிருந்தன. அசல் புள்ளிகளின் மேல் கறுப்பு அப்பியிருந்தது. வேறு வழியில்லாமல், தெரிந்த புள்ளியை நம்பித் தாவினார். ஒரு கட்டம் கீழே போய் விழுந்தார். மண்டபமே முகத்தைச் சுளித்தது.

முன்வரிசையில் மாமியார் உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள், கழுத்தை எக்கினாள். கொண்டையைத் தொட்டாள், வளையலை உருட்டினாள். கணவரின் பிறந்தநாளில் மாப்பிள்ளை இப்படி மானத்தை வாங்குகிறானே என்று குமுறுகிறாள் போலிருக்கிறது. டாக்டருக்கு அவமானத்தில் காது சுட்டது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. பின்னால் மாமாவின் ஸ்வரமும் தவறியது! மேலே வழுக்கினார், நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். கீழே வழுக்கினார், அங்கேயும் நிற்கவில்லை. டாக்டர் தப்பாக வாசிக்க, அவரைவிடத் தப்பாக மாமா வாசித்தார். பாட்டு ஒரு வழியாக நின்றபோது, இரண்டு பேரில் யார் சொதப்பினார்கள் என்று ஒருவராலும் சொல்லமுடியவில்லை.

டாக்டர் கிட்டாரைக் கீழே வைத்தார். என்ன மனிதர்! எழுபது வயதில், தன் பிறந்தநாளில், ஊரே கொண்டாடுகிற தன் பெயரைத் தூக்கிக் கீழே போட்டு மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுகிறாரே! இப்படியும் ஒருவர் உண்டா? கண்ணில் தண்ணீர் முட்ட, திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எனக்காகத்தானே நீங்க இப்படி..."

மாமா கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, டாக்டரின் தோளுக்கு மேலாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். இவ்வளவு அடக்கமா என்று டாக்டர் இன்னும் உருகினார்.

அதற்குள் மாமியார் முன்வரிசையிலிருந்து எழுந்து மேடையோரம் வந்து, டாக்டரைக் குனியச் சொல்லி, காதோடு காதாகச் சொன்னாள்:

"அடுத்த பாட்டுக்கு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்க மாப்பிள்ளை. நாப்பது வருஷமா கொண்டையைத் தொட்டா மேல ஏறுவாரு, வளையலைத் தொட்டா கீழ இறங்குவாரு, கையை எடுத்தா நிறுத்துவாரு. நீங்க இப்படி மறைச்சுக்கிட்டு உட்கார்ந்தா மனுஷன் என்னைப் பார்க்காம எங்கன்னு போய் நிப்பாரு, பாவம்?"