நாலாம் நம்பர் வீட்டுக் குடித்தனம்

பாளையங்கோட்டையிலேயே இப்படி ஒரு வாடகை வீடு கிடையாது என்று ஊர் சொல்ல வேண்டும். ஐப்பசி மாதம் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஞானசிகாமணி இந்த முடிவுக்கு வந்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு அறிவித்தார்.

“ஏட்டி கெசியா! நாலாம் நம்பர் வீட்டை அரண்மனை ஆக்கப் போறேன்.”

“ஆக்குங்க. அதுக்கு முன்னால இந்தச் சட்டியை எடுத்துக் கொட்டுங்க. நெறஞ்சு போச்சு.”

சட்டி எதற்கு என்றால், அடுக்களை ஒழுகுகிறது. அடுப்புக்கு நேர் மேலே. மழை பெய்தால் மனைவி கெசியா ஒரு குடையை விரித்து, சுவரில் ஆணியடித்து மாட்டி, அதன் கீழே நின்றுதான் சமைப்பாள். குடைக்கு வெளியே விழுகிற தண்ணீருக்குச் சட்டி. போன கிறிஸ்துமஸுக்கு வைத்த சொதியில் பாதி தேங்காய்ப் பால், பாதி வானம். மூன்று வருடமாக இதே கதை.

கேட்டால் ஞானசிகாமணி ஒரே பதில்தான் சொல்வார். “நம்ம வீடுதான? பைய பாத்துக்கிடலாம்.”

அவருக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அதுதான் கொடுமை. வளவுக்குள் முன்னால் அவர்கள் குடியிருக்கிற பெரிய வீடு, பின்னால் வரிசையாக நாலு வாடகை வீடு. அந்த நாலு வீட்டிலும் ஒரு குழாய் சொட்டாது. ஒரு கதவு கிறீச்சிடாது. வாஷர் மாற்றுவது, ஸ்விட்ச் மாற்றுவது, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அவரே. கொத்து வேலைக்கு மட்டும் சுடலைமணி கொத்தனார். உள்ளதைச் சொன்னால், அவர் கை பட்ட சுவரைத் தடவிப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும்.

அரசு ஆபீசில் தபால் பிரிவில் முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பழக்கம் போகவில்லை. முற்றத்து வேப்ப மரத்தில் ஒரு நீள நோட்டை மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டிருந்தார். அட்டையில் ‘குறை நோட்டு’ என்று எழுதியிருக்கும். உள்ளே தேதி, வீட்டு எண், குறை, எடுத்த நடவடிக்கை என்று கோடு போட்ட கட்டங்கள். குறையை யாரும் எந்த மையிலும் எழுதலாம். நடவடிக்கையைச் சிவப்பு மையில் அவர்தான் எழுதுவார். எழுதிய இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வேலை முடிந்திருக்கும். இரண்டாம் நம்பரில் தையல் மெஷின் வைத்திருக்கிற நஃபீஸத் காலை ஆறு மணிக்கு ‘குழாய் சொட்டுது’ என்று எழுதினால், எட்டு மணிக்கு ஸ்பேனரோடு வாசலில் நிற்பார்.

“அண்ணாச்சி, சாயந்தரம் வந்தாப் போதுமே?” என்பாள் அவள்.

“அதெப்படி? நோட்டுல ஏறிப்போச்சுல்லா?”

மூன்று வருடத்துக்கு முன்னால் கெசியாவும் அதில் ஒரு வரி எழுதினாள். ‘பெரிய வீடு. அடுக்களை ஒழுகுகிறது.’ முப்பது வருடம் டீச்சராக இருந்தவள், எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். மறுநாள் அதற்கு நேரே சிவப்பு மையில் பதில் இருந்தது. ‘இந்த நோட்டு வாடகைக்காரர்களுக்கு மட்டும்.’

கெசியா அதைப் படித்தாள். நோட்டை மூடிவிட்டுக் குடைக்குக் கீழே சமைக்கப் போனாள். பேசாத பெண் மறந்துவிட்டாள் என்று நினைத்தது ஞானசிகாமணியின் தப்பு.

இப்போது நாலாம் நம்பரில் இருந்தவர்கள் மாற்றலாகி நாங்குநேரிக்குப் போய்விட்டார்கள். வீடு காலி. அரண்மனை அறிவிப்பு வந்த அன்றே, சோறு போட்டுக்கொண்டே கெசியா சொன்னாள்.

“நாலாம் நம்பருக்கு ஒரு ஆள் இருக்கு. நல்ல குடும்பம். நம்ம சபைதான்.”

“யாரு?”

“பேரைக் கடைசியில சொல்லுதேன். அவுக கொஞ்சம் கறார். வீடு பிடிச்சாத்தான் வருவாவ. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவுக.”

ஞானசிகாமணிக்கு முதுகு நிமிர்ந்தது. கறாரான வாடகைக்காரர் என்றால் அவருக்குப் பரீட்சை எழுதப் போகிற மாதிரி. “கறாரா? வரட்டும். ஞானசிகாமணி வீட்டுல குறை சொல்ல இனிமேத்தான் ஒருத்தி பொறந்து வரணும். எத்தன பேரு?”

“ரெண்டே பேரு. பிள்ளைய வெளியூர்ல இருக்கு.”

“புருஷன் எப்படி?”

கெசியா ரசம் ஊற்றினாள். “தங்கமானவருதான். ஊருக்கெல்லாம் ஓடி ஓடி வேலை செய்வாரு. சொந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்க மாட்டாரு.”

“ச்சை! அவனெல்லாம் ஒரு மனுசனா? அவங்கூட அந்தம்மா எப்படிட்டி காலந்தள்ளுது?”

“முப்பத்திரெண்டு வருசம் தள்ளிட்டா.”

“பாவம்” என்றார் ஞானசிகாமணி மனசார. “அந்தம்மாவுக்கு நான் செய்யுதேன் பாரு வீடு.”

செய்தார். அந்த மாதம் வளவே தூசியில் வெள்ளையாக இருந்தது. ஓதம் ஏறிய சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசினார்கள். மொட்டை மாடியில் தட்டோடு பெயர்த்து, புதுசு பதித்து, இடுக்குக்கு இடுக்கு சிமெண்டு ஊற்றி, தண்ணீர் கட்டி மூன்று நாள் காவல் இருந்தார் ஞானசிகாமணி. ஒரு சொட்டு இறங்கவில்லை. கீழே வந்து சீலிங்கைப் பார்த்து, பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கினது போல நின்றார்.

கெசியா தினம் ஒரு செய்தியோடு வந்தாள்.

“அவுக மிக்சிக்கும் கிரைண்டருக்கும் தனித்தனி பிளக் கேக்காவ.”

“ரெண்டென்ன, மூணு வைக்கேன்.”

“அடுக்களைக்குக் கிழக்க ஒரு சன்னல் வேணுமாம்.”

“லேய் சுடலைமணி, சுவத்தை உடை!”

“அடுப்பு மேடை உயரமா இருக்கணுமாம். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சுதாம்.”

“எத்தன உயரம்? ஆளைப் பாக்காம எப்படி அளக்க?”

“என் உயரந்தான் இருப்பாவ.”

“அப்போ நீ வந்து நில்லு.”

கெசியா போய் நின்றாள். ஞானசிகாமணி டேப்பை இழுத்து, தரையிலிருந்து அவள் முழங்கை வரைக்கும் அளந்தார். “நேரா நில்லுட்டி. கூனாத. கை நீட்டு, மேல் தட்டு எட்டுதா? இன்னும் ரெண்டு விரக்கடை இறக்குவோமா?”

“இறக்குங்க. இப்ப அவுகளுக்கு எட்டும்.”

சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்த சுடலைமணி கொத்தனார் திடீரென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. தும்மல் என்று நினைத்தார் ஞானசிகாமணி.

எல்லாம் முடிகிற நேரத்தில் கெசியா கடைசியாக ஒன்று கேட்டாள். “முன்னறையில சன்னலோரம் அவுக வீட்டுக்காரருக்கு ஒரு ஈசிசேர் போட இடம் விடணுமாம்.”

ஞானசிகாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. “சொந்த வீட்டுல ஆணி அடிக்காத சோம்பேறிக்கு ஈசிசேரா? நான் கட்டுன வீட்டுலயா? முடியாது. அந்த இடத்துல அந்தம்மாவுக்கு ஒரு அலமாரி அடிக்கேன். அவன் நிக்கட்டும்.”

“பாவம்லா அவரு?”

“ஒரு பாவமும் இல்ல!” என்று தரையிலிருந்து சீலிங் வரைக்கும் தேக்குப் பலகையில் ஒரு அலமாரி அடித்தார். அவர் வாழ்நாளில் செய்த மரவேலையிலேயே அதுதான் உச்சம். நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, குடியேறும் ஜெபம். வளவில் யார் புதிதாக வந்தாலும் சபைப் போதகரான ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணி, எல்லார் முன்னாலும் சாவி கொடுப்பது ஞானசிகாமணியின் வழக்கம். அப்படிக் கொடுத்த சாவியை, குடியிருப்பவர்களாகத் திருப்பித் தரும்வரை கேட்க மாட்டார். எபனேசர் ஐயர் வந்தார். நஃபீஸத், முதலாம் நம்பர் மாரிராஜ், சுடலைமணி கொத்தனார் எல்லாரும் புது வீட்டுக்குள் நின்றார்கள். சுவரைத் தடவினார்கள். ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள்.

“அண்ணாச்சி, இந்த வீட்டுல குடியிருக்கக் குடுத்து வச்சிருக்கணும்” என்றான் மாரிராஜ்.

ஞானசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். “இந்த வளவைப் பொறுத்தவரைக்கும் வாடகைக்காரங்கதான் ராசா, ராணி. குறைன்னு ஒரு வரி எழுதினாப் போதும், இருபத்துநாலு மணி நேரம். வீட்டுக்காரன் சொகுசு பெருசில்ல, குடியிருக்கவங்க சொகுசுதான் பெருசு. இது ஐயர் முன்னால சொல்லுத வார்த்தை.”

“ஆமென்” என்றார் ஐயர்.

“சாவியை வாங்க அந்தம்மாவைக் கூப்பிடுட்டி.”

கெசியா முன்னால் வந்தாள். நல்ல பட்டுச் சேலை. ஒரு கையில் இட்லிப் பானை. மறு கையை நீட்டினாள்.

“குடுங்க.”

“உங்கிட்ட எதுக்கு? அந்த டீச்சரம்மா எங்க?”

“நான் எந்த ஸ்கூல்ல கோழி மேய்ச்சேன்?”

முதலில் நஃபீஸத் சிரித்தாள். அப்புறம் கொத்தனார், ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தான். ஐயர் வேதப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஞானசிகாமணி மெதுவாகச் சீலிங்கைப் பார்த்தார். பிறகு அடுப்பு மேடையை. பிறகு கெசியாவின் முழங்கையை.

“நீ பொய் சொல்லிட்ட!”

“எது பொய்? டீச்சரா இல்லையா? ரெண்டு பேரு இல்லையா? என் உயரம் இல்லையா?”

“அந்தப் புருஷன்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“தங்கமானவருன்னுதான சொன்னேன்? நீங்கதான் அவரைத் திட்டுனிய. வாடகை என் பென்ஷன்ல வந்துரும். சாவி?”

ஐயர் முன்னால் சொன்ன வார்த்தை. கை தானாகச் சாவியைக் கொடுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கமாக இருந்தாலும், இப்படிக் கைதட்டு வாங்கிய வீடு தன் கையால் ஆனது என்று ஞானசிகாமணிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையோடேயே போய்த் தன் ஈசிசேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சன்னலோரம் போனார். அலமாரி நின்றது. ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

“அவன் நிக்கட்டும்னு சொன்னிய” என்றாள் கெசியா.

ஈசிசேரைத் தூக்கிக்கொண்டு பெரிய வீட்டுக்கே திரும்பினார்.

“மூணு நேரமும் சோறு தந்து விடுதேன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “ஆனா காப்பி மட்டும் அந்த அடுக்களையிலதான் போடுவேன். அது என்னைக்கு ஒழுகாம நிக்குதோ அன்னைக்கு.”

வீம்பு பிடித்தார் ஞானசிகாமணி. காப்பி இல்லாமல் ஒரு நாள் இருந்தார். தலை வலித்தது. இரண்டாம் நாள் மழை கொட்டியது. அடுக்களையில் குடை இல்லை, அதைக் கெசியா கொண்டுபோய்விட்டாள். சட்டியும் இல்லை. மாடிக்கு ஏறிச் சரிசெய்தால் ஒரு பெண்பிள்ளையிடம் தோற்றதாக ஆகிவிடுமே என்று யோசித்தார். ஆபீஸ் மூளை ஒரு வழி சொன்னது. எதுவும் முறைப்படி நோட்டில் ஏறட்டும். பதில் சொல்ல வேண்டிய கடமை அப்புறம் எதிராளிக்கு வந்துவிடும்.

வேப்ப மரத்தடிக்குப் போய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுதினார். ‘பெரிய வீடு. அடுக்களை ஒழுகுகிறது. இரண்டு நாளாகக் காப்பி வரவில்லை. உடனடி நடவடிக்கை தேவை.’ கீழே நீளமாகக் கையெழுத்தும் போட்டார்.

இருபத்துநாலு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் விடியும்போதே நடவடிக்கைக் கட்டத்தில், அவருடைய சிவப்புப் பேனாவாலேயே, குண்டு குண்டான எழுத்தில் பதில் வந்திருந்தது.

‘இந்த நோட்டு வாடகைக்காரர்களுக்கு மட்டும்.’