பேத்தியின் கணக்கில் நான் வைத்த செவ்வாய்

பினாங்கு
22-11-1934, வியாழக்கிழமை

தைப்பிங்கில் ரயில்வே ஆபீஸில் எழுத்துவேலைக் கிராணியாக இருக்கும் என் மூத்த மகன் சிரஞ்சீவி அய்யாக்கண்ணுவுக்கு, நீ ஒரு குறையுமின்றி வாழவேண்டுமென்று தண்ணீர்மலை முருகனைக் கேட்டுக்கொண்டு, உன் அம்மா வள்ளியம்மா யாரையும் எழுதித்தரச் சொல்லாமல் தன் கையாலேயே எழுதுவது.

முதலில் நல்ல சேதிகள். உன் தம்பியின் மூத்தவன் ஜெயராஜ் தந்தி ஆபீஸில் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டான். சட்டைக் காலருக்குப் போட்ட கஞ்சியில் கழுத்தைத் திருப்ப முடியாமல், யாரைப் பார்ப்பதானாலும் முழு உடம்போடு திரும்புகிறான், துரை மாதிரியே இருக்கிறது. இரண்டாமவன் சின்னையா நூறு கெஜ ஓட்டத்தில் முதலாவதாக வந்து சோப்புப்பெட்டி பரிசு வாங்கினான். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயதுதான், பூனையை மலாயிலும் என்னைத் தமிழிலும் அதட்டுகிறாள். என்னிடம் நீ விட்டுவைத்திருக்கும் உன் மகள் ஜெயலெட்சுமி பாட்டுக்கு முதல், தையலுக்கு முதல், இங்கிலீஷ் வாசிப்புக்கு இரண்டாவது. இந்த இடத்தில் கடிதத்தை முடித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் கணக்கு என்னாயிற்று என்று நீ கேட்பாய். கணக்குப் பரீட்சை போன திங்கட்கிழமை முடிந்தது. அதில் அவள் தவறிப்போனால் குற்றம் அவளுடையதல்ல, என்னுடையது.

கணக்கில் தவறினால் படிப்பு போதும், தை மாதம் கல்யாணம் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரியிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அந்த வகுப்பில் மூன்றில் ஏழு போகாது என்று வாத்தியார் சொல்லுவார், நாங்களும் போகாது என்று ஒரே குரலில் கத்திவிட்டு வீட்டுக்குப் போவோம். இவர்களுக்கோ போகிறதாம். போய், பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் இறங்கி, முன்னால் ஒரு சின்னக் கோட்டைப் போட்டுக்கொண்டு மைனஸ் நாலு என்று நிற்கிறதாம். ஒன்றுமில்லாததற்கும் கீழே எப்படியடி நிற்கும் என்று கேட்டேன். “அதுகூடப் புரியுது அப்பாயி, மைனஸ் மூணை மைனஸ் நாலால பெருக்கினா மைனஸே இல்லாம பன்னெண்டு வருதே, அதுதான் புரியல. ஏன்னு கேட்டா மனப்பாடம் பண்ணுங்கறாங்க மிஸ்ஸி” என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் தபால்காரன் உன் உறையைக் கொண்டுவந்தான், உள்ளே புக்கிட் மெர்தாஜாம் நல்லமுத்து மகனின் படமும் ஜாதகமும். பெண்ணுக்கும் செவ்வாய் தோஷம், பையனுக்கும் செவ்வாய் தோஷம், ஆகவே தோஷமில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குத் தலைக்குள்ளே விளக்கேற்றினாற்போல் ஆகிவிட்டது. “இதுதாண்டி உன் கணக்கு! நீ மைனஸ், அவன் மைனஸ், ரெண்டு தோஷமும் சேந்தா நிவர்த்தி!” என்று கத்தினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே பதினைந்து கணக்கு போட்டாள், பதினைந்தும் சரி.

அத்தோடு நான் எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கவேண்டும். “அப்பாயி, மைனஸ் மூணையும் மைனஸ் நாலையும் கூட்டினா?” என்று கேட்டாள். வெற்றி பெற்ற வாய் சும்மா இருக்குமா? “கூட்டினா என்ன, பெருக்கினா என்ன? தோஷமும் தோஷமும் சேந்தா தோஷமில்ல. ஏழுன்னு எழுது” என்றேன். தலையாட்டினாள்.

நேற்று அவள் தையல் வகுப்புக்குப் போயிருந்தபோது, கூடப் படிக்கும் ரொஸ்னா நோட்டுப் புத்தகம் வாங்க வந்தாள். அடுத்த தெரு அப்துல் ஹமீது கடை வீட்டுப் பெண். பேச்சுவாக்கில் என் கணக்குப் பெருமையைச் சொன்னேன். அந்தப் பெண் முகம் மாறிவிட்டது. “கூட்டினா மைனஸ் ஏழு பாட்டி. பரீட்சையில பத்துக் கணக்குல அஞ்சு கூட்டல்தான்” என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குவாதம் முற்றி, ரிக்‌ஷா வைத்துக்கொண்டு இரண்டு பேரும் படகு கட்டும் ஜெட்டிப் படிக்கட்டுக்கே போய்விட்டோம். தண்ணீர் மட்டம் பூஜ்யமாம். மூன்று படி தண்ணீருக்குள் இறங்கினேன், முழங்கால் நனைந்தது. “இப்ப மைனஸ் மூணுல நிக்கிறீங்க. இன்னும் நாலு படி கீழ போனா, மேல காஞ்ச படியிலயா பாட்டி நிப்பீங்க?” என்றாள். போய்த்தான் பார்ப்போமே என்று நாலாவது படியில் காலை வைத்தேன், பாசி, அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. சம்பான் படகு ஓட்டும் சுலைமான் துடுப்பை நீட்டி இழுத்துப் போட்டான். “என்னா பாட்டி, குளிக்கிற எடமா லா இது?” என்றான். “குளிக்கலப்பா, கணக்கு போடறேன்” என்றேன். அவன் ரொஸ்னாவைப் பார்த்து, “வீட்ல பெரியவங்க யாரும் இல்லியா?” என்று கேட்டான்.

ஈரப் புடவையோடு ரிக்‌ஷாவில் வரும்போதுதான் எனக்கே விளங்கியது. எனக்கும் செவ்வாய், உன் அத்தை மீனாட்சிக்கும் செவ்வாய். பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், தோஷம் கழியவா செய்தது? இரட்டித்தது. ஊரறிந்த விஷயம். தாலி கட்டினால்தான் நிவர்த்தி, ஒரே வீட்டில் குடியிருந்தால் வெறும் கூட்டல்தான். இது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் குழந்தைக்குத் தப்பாகச் சொன்னேனே. பரீட்சை எப்படி என்று கேட்டால் நன்றாக எழுதினேன் என்கிறாள். என்னை நம்பி எழுதியவள் வேறு எப்படிச் சொல்வாள்? அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நாளை முடிவு சொல்கிறார்களாம். ஆகையால் அய்யாக்கண்ணு, அந்த ஐந்து கணக்கையும் என் பேரில் எழுதிக்கொள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதே. நின்றவளுக்குத்தான் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

மருமகளுக்கும் சின்னவர்களுக்கும் என் ஆசீர்வாதம். மழைநாள், தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டச் சொல். எனக்குக் கொஞ்சம் இருமல், கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வள்ளியம்மா

பின் குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இரண்டு பெண்களும் ஓடிவந்தார்கள். முடிவை இன்றைக்கே சொல்லிவிட்டார்களாம். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, வகுப்பில் முதல். கூட்டல் ஐந்தும் சரி. “நான் சொன்னபடி எழுதலையாடி?” என்றேன். “அது தப்புன்னு அப்பவே தெரியும் அப்பாயி” என்றாள். “அப்புறம் ஏன் தலையாட்டினே?” “நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களே.” நான் கடலில் விழுந்தது வீண். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு, மறுபடி எழுதக் காகிதமில்லை. போன எட்டு மார்க்கு மட்டும் என்னால்தான் போயிற்று. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று காரணம் கேட்டிருந்தார்களாம், இருவருக்கும் தோஷம் இருப்பதால் நிவர்த்தி என்று இங்கிலீஷில் அழகாக எழுதிவைத்திருக்கிறாள். மிஸ்ஸி பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் செவ்வாயைப் பற்றி என்ன தெரியும்? நல்லமுத்து மகனின் படத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதை மாட்டிவைத்திருந்த சட்டகம் இப்போது காலியாக இருக்கிறது. உன்னுடைய பழைய படத்தில் நீ முறைத்துக்கொண்டிருக்கிறாய். மார்க்கைக் கேட்ட முகத்தோடு புதிதாக ஒரு படம் எடுத்து அடுத்த தபாலில் அனுப்பு.