ரெடி அக்காவின் வாஷிங் மெஷின்

திண்டுக்கல்லில் அழைத்த மாத்திரத்தில் கிளம்பக்கூடியவர்கள் தீயணைப்பு வீரர்கள்தான் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறான தகவல். அவர்களுக்கு யாராவது போன் செய்ய வேண்டும், மணி அடிக்க வேண்டும். பேகம்பூர்ப் பக்கம் நான் மாடியில் குடியிருந்தபோது கீழ்வீட்டில் இருந்த ரெடி அக்காவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் இரண்டாவது டம்ளர் காபி கேட்டால் போதும். அந்த டம்ளர் காலியாவதற்குள் மூன்று பிள்ளைகள், ஒரு பை, ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை எல்லாம் வேனில் ஏறியிருக்கும்.

அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருவில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. கீரை விற்க வருகிறவர்கூட "ரெடியாக்கா" என்று சேர்த்தே கூப்பிட்டார்.

இந்த வேகத்துக்குக் காரணம் அவருடைய கணவர் செல்வராசு அண்ணன். வெங்காய மண்டியில் வேலை. நல்ல மனிதர். பழைய வேன் ஒன்று வைத்திருந்தார், அதோடு ஒரு கொள்கையும் வைத்திருந்தார். வெளியூர் போவதற்குத் திட்டம் போடக்கூடாது என்பது அந்தக் கொள்கை. கல்யாணமான புதிதில் மாதக்கணக்கில் யோசித்து ராமேஸ்வரம் கிளம்பினார்களாம். மானாமதுரையில் வண்டி நின்றுவிட்டது. மறுநாள் போய்ச் சேர்ந்தால், முந்தைய நாளுக்குப் பதிவு செய்திருந்த அறை கைவிட்டுப் போயிருந்தது. அன்றோடு அண்ணன் திட்டங்களைத் துறந்தார்.

"மனசுல தோணணும், கெளம்பணும். பிளான் போட்டா உருப்படாது தம்பி" என்பார் என்னிடம்.

தோன்றுவதில் சிக்கல் இல்லை. தோன்றியது தங்குவதில்தான் சிக்கல். மனைவி சின்னவனின் டவுசரைத் தேடிக்கொண்டு செத்த நேரம் தாமதித்தால் அண்ணனின் உற்சாகம் வடிந்துவிடும். பாயில் சாய்வார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார்.

"துண்டு மூஞ்சிக்குப் போயிருச்சுன்னா அன்னைக்கு அம்புட்டுத்தான்" என்று அக்கா எனக்கு விளக்கினார். "தோணுறதுக்கும் துண்டுக்கும் நடுவுல ஒரு குக்கர் சோறு வேகுற நேரம்தான் இருக்கு. அதுக்குள்ள புள்ளைகள வண்டியில ஏத்தணும்."

"முன்னாடியே எடுத்து வச்சுக்கிட்டா என்னக்கா?"

"வச்சிருக்கேன். அது அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அது பிளான் ஆயிரும்ல."

ஆகவே அந்த வீட்டில், குடும்பத் தலைவரின் கண்ணெதிரே, அவருக்குத் தெரியாமல் ஒரு படை தயார் நிலையில் இருந்தது. தலைமையகம் வாஷிங் மெஷின். செல்வராசு அண்ணன் வாழ்நாளில் திறக்க வாய்ப்பே இல்லாத ஒரே பொருள் அதுதான் என்று அக்கா கணித்து, பையை அதற்குள் வைத்திருந்தார். அந்த மெஷினில் துணி துவைத்து நான் பார்த்ததில்லை. துணிகளை அக்கா பின்பக்கத்துக் கல்லில் அடித்துத் துவைத்தார். மெஷின் அந்தப் பையை வைக்க மட்டும்.

பையில் துண்டுகள், மாற்றுத் துணி, மலைப்பாதை வளைவுகளில் சின்னவன் பாண்டிக்கு நீட்ட எலுமிச்சம்பழம், அது பலிக்காதபோது நீட்டக் கேரிபேக், ஓமத் தண்ணீர், ஒரு கயிறு, தண்ணீரில் மிதக்கக் காற்று ஊதும் ரப்பர் டியூப். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழைய சின்னாளபட்டி சுங்குடிச் சேலை. அது விரிப்பு, போர்வை, உடை மாற்ற மறைப்பு. ஒருமுறை ஆத்தூர்ப் பக்கம் சேற்றில் வழுக்கிய நடுப்பையன் கார்த்தியை மேலே இழுத்ததும் அதுதான் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் விடிந்ததும் வெளியே போகும் உடுப்பைப் போட்டு, அதன்மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வார்கள். முழங்கால்வரை தொங்கும் சட்டையோடு மூன்று பேரும் கேரம் விளையாடுவார்கள். சமையலறையில் ஒரு தாம்பாளம் நிறையச் சோறு தற்செயலாக ஆறிக்கொண்டிருக்கும். புளிக்காய்ச்சல் பாட்டிலில் தயாராக இருக்கும். குழாயில் தண்ணீர் வருவதுபோல வீட்டில் புளியோதரையும் தானாக வரும் என்று அண்ணன் நம்பினார். கிளம்பாத ஞாயிறுகளில் அந்தச் சோறு அண்டை வீடுகளுக்குப் போகும். அவர்கள் ஊரில் இருக்கிறார்களா என்று நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. மதியம் கிண்ணம் வந்தால் இருக்கிறார்கள்.

எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி. காலையில் மாடிச் சுவரோரம் நாளிதழோடு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் வானத்தைப் பார்த்து, "காத்து நல்லாருக்கு" என்பார். உடனே உள்ளிருந்து அக்காவின் குரல் வரும்.

"ஏலே, கொடியில துணி காஞ்சிருச்சான்னு பாரு."

இது எச்சரிக்கை. மழை பெய்து கொண்டிருந்தாலும் இதே வாசகம்தான். பிள்ளைகள் சத்தமில்லாமல் வரிசையாகக் குளியலறைக்குப் போய்விட்டு வருவார்கள். அண்ணன் திரும்பி, "இந்தா, எங்கயாச்சும் போவமா?" என்பதற்கும் பாண்டி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதற்கும் சரியாக இருக்கும்.

வேகத்துக்குச் சில சேதாரங்கள் உண்டு. ஒருநாள் அண்ணன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். குடும்பம் ஏற்கனவே உள்ளே இருந்தது.

"எங்க எல்லாரும்?"

"நீங்க எங்க போறீங்களோ அங்க."

"நான் டயருக்குப் பஞ்சர் ஒட்டப் போறேன்."

"சரி, போங்க."

கன்னிவாடி சாலையில் ஒரு பஞ்சர் கடையில் சுங்குடிச் சேலையை விரித்து, பழைய டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஐந்து பேரும் புளியோதரை சாப்பிட்டார்கள். கடைக்காரருக்கும் ஓர் இலை. "இம்புட்டு வருசக் கடையில குடும்பத்தோட சுத்திப் பாக்க வந்தது நீங்கதான்" என்று அவர் சொன்னதாகக் கார்த்தி எனக்கு அறிக்கை தந்தான்.

இன்னொரு நாள் அண்ணன், "பாலசமுத்திரம் வரைக்கும் போகணும்" என்றார். அந்தப் பக்கம் அணை இருக்கிறது. குடும்பம் ஏறிவிட்டது. வழியெல்லாம் அண்ணன் பேசவில்லை. மனிதர் இயற்கையை ரசிக்கிறார் என்று அக்கா நினைத்தார். பின்சீட்டில் பாண்டி டியூபை ஊதி இடுப்பில் மாட்டிக்கொண்டான். வேன் நின்ற இடத்தில் பந்தலும் பறைச் சத்தமும் இருந்தன. மண்டிக்கு வெங்காயம் போடுகிற விவசாயி இறந்துபோன துஷ்டி வீடு.

"சொல்லவே இல்லையேங்க."

"சொன்னேன்ல, பாலசமுத்திரம்னு."

அக்கா சுங்குடியைத் தன் பளபளப்புச் சேலைமேல் போர்த்திக்கொண்டு இறங்கினார். டியூப் பாண்டியின் இடுப்பிலிருந்து கழலவில்லை. அவன் பந்தலுக்குள் அப்படியே உட்கார்ந்தான். ஒரு பெரியவர் குனிந்து, "இது என்ன கண்ணு?" என்று கேட்டார்.

"அணைக்கு" என்றான் பாண்டி.

ஆனால் அடுப்பு மூட்டாத வீட்டில் காலையிலிருந்து குழந்தைகள் பசியோடு இருந்தார்கள். அக்கா தூக்குவாளியைத் திறந்தார். இறந்தவரின் மருமகன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, துஷ்டி வீட்டுக்கு இப்படி ரோசனை பண்ணி வந்தது நீங்க ஒருத்தருதானுங்க" என்று கண்கலங்கினார். திரும்பும் வழியில் அண்ணன் மனைவியிடம் சொன்னாராம்: "பாத்தியா, பிளான் போட்டிருந்தா இப்படி அமையுமா?"

இத்தனை போயும் அவர்கள் போகாத இடம் ஒன்று இருந்தது. கொடைக்கானல். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து, கொடைக்கானல் ஏரியில் படகு ஏறாத பிள்ளை பள்ளியில் படும் அவமானம் தனி. அண்ணனுக்குத் தோன்றவே பத்து மணியாகும். வத்தலக்குண்டில் வேனை நிறுத்தி மலையைப் பார்த்து, "இப்ப ஏறினா எறங்குறதுக்குள்ள இருட்டிரும்" என்று வைகை அணைக்குத் திருப்பிவிடுவார்.

மூத்தவள் நிவேதா ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தாள். ஜூன் பிறந்தால் பத்தாவது. ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். அதற்குப் பிறகு விடுதி, கல்லூரி என்று போய்விடும். அந்த மே மாதம் விட்டால் இல்லை என்று அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அந்த மாதம் அக்கா உச்சக்கட்டத் தயாரிப்பில் இறங்கினார். எங்கிருந்தோ மூன்று ஸ்வெட்டர்கள் வந்து மெஷினுக்குள் இறங்கின. இப்போது மலைக்குப் போகும் வண்டிகளுக்கு முன்கூட்டியே இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஒருநாள் அக்கா மாடிப்படியேறி வந்தார்.

"தம்பி, வண்டி நம்பர இங்கிலீசுலதான போடணும்?"

"எந்தத் தேதிக்குக்கா?"

"எல்லா ஞாயித்துக்கெழமைக்கும் போட்டு வச்சிருக்கேன். அவருக்கு என்னைக்குத் தோணுதோ."

கடைசி ஞாயிறு வந்தது. அன்று அண்ணன் விடியும் முன்னே எழுந்தார். வெளிச்சம் வரும்போதே இரண்டாவது டம்ளர். ஏதோ பாட்டை முனகினார். வேனின் கண்ணாடியைத் துடைத்தார். கொடித் துணியைப் பற்றி அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டார். எல்லாம் கூடி வந்தது. பிறகு அண்ணன் குளிக்கப் போனார். துண்டை எடுத்துப் போகவில்லை. சொட்டச் சொட்ட வெளியே வந்து, துவைத்த துண்டு எங்கே இருக்கும் என்று முதன்முறையாகத் தானே யோசித்து, வாஷிங் மெஷினைத் திறந்தார்.

நான் படியின் பாதியில் இருந்தேன். செய்தித்தாளைக் கீழே தவறவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"இது என்னது?"

"ஸ்வெட்டர்."

"அது தெரியுது. மே மாசம் திண்டுக்கல்லுல எதுக்கு?"

"துவைக்கப் போட்டிருக்கேன்."

அண்ணன் மறுபடி கையை விட்டார். "எலுமிச்சம்பழத்தையுமா?"

அக்கா மெஷின் மூடியைச் சாத்தப் பார்த்தார். அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. அதே நேரம் பாண்டி சட்டைப் பொத்தானை அவிழ்த்தபடி, "அம்மா, நான் ஒண்ணுக்குப் போயிட்டேன்" என்று ஓடி வந்தான். உள்ளே பளிச்சென்று புதுச்சட்டை. அண்ணன் மூன்று பிள்ளைகளையும் பார்த்தார். தன் பழைய சட்டைகளை அடையாளம் கண்டார்.

"அப்ப இம்புட்டு நாளா நானா நெனச்சுப் போகலையா? நீ நெனச்சு வச்சதுக்கு நான் வண்டி ஓட்டிட்டு இருந்தனா?"

தேடிய துண்டு பையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தார். துண்டு முகத்துக்குப் போனது.

நிவேதா வேன் கதவோரம் நின்றாள். அழவில்லை. கதவின் ரப்பர் பட்டையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு பையைத் தரையில் கவிழ்த்தார். ஸ்வெட்டர்களை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சுங்குடியை வாளித் தண்ணீரில் முக்கினார். தாம்பாளச் சோற்றை அண்டை வீடுகளுக்குப் பங்கிட்டார். "நல்ல துணியக் கழட்டுங்க, இன்னைக்கு எங்கயும் போகல" என்றார். கார்த்தி கிழிந்த பனியனுக்கு மாறினான். கடைசியாக, ஊறிய அரிசியைக் கிரைண்டரில் போட்டு ஓடவிட்டார். எங்கள் பக்கத்தில் கிரைண்டர் ஓடினால் அந்த வீடு மத்தியானம்வரை அசையாது.

துண்டின் ஓரம் உயர்ந்தது.

"என்ன சத்தம்?"

"மாவாட்டுறேன்."

"நெசமாவே போகலையா?"

"போகல."

"ஒண்ணும் எடுத்து வைக்கல?"

"வந்து பாத்துக்கங்க."

வந்து பார்த்தார். மெஷினுக்குள் தலையை விட்டே பார்த்தார். காலி. மாவு அரையும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணனின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல விடிந்தது.

"இந்தா, கெளம்பு."

"எங்கங்க?"

"கொடைக்கானலு."

அக்கா கிரைண்டரை நிறுத்தினார். கையில் மாவோடு ஏறினார். பாண்டிக்குச் செருப்பில்லை. அக்கா தோற்றுப்போய் மாவாட்டினாரா, ஜெயிக்க மாவாட்டினாரா என்பதை இத்தனை வருடச் செய்தி அனுபவத்தை வைத்தும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.

மற்றதை மறுநாள் நிவேதா சொன்னாள். சோதனைச் சாவடியில் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "ஐயையோ, பாஸ் எடுக்கணும்ல, மறந்தே போச்சே" என்றார். அக்கா போனை எடுத்து, "இப்பப் போட்டுப் பாக்குறேன், கெடைக்குதான்னு" என்றார். போட்டு வைத்திருந்த பாஸை முன்னால் வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, திரையில் சும்மா கட்டைவிரலைத் தேய்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை "சிக்னல் இல்ல" என்றுகூட அலுத்துக்கொண்டாராம். பிறகு நீட்டினார். காவலர் பார்த்துவிட்டுக் கையசைத்தார்.

"பாத்தியா?" என்றார் அண்ணன். "ரெண்டு நிமிசத்துல வருது. இதுக்குப் போயி மாசக்கணக்குல பிளான் போடுறாங்க."

நிவேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். அடுத்த வளைவில், நீட்ட எலுமிச்சம்பழம் இல்லாததால், பாண்டி அப்பாவின் முதுகில் வாந்தி எடுத்தான். ஏரியில் படகு ஏறினார்கள். பனியனோடு உட்கார்ந்திருந்த கார்த்தியின் பல் அடித்த சத்தத்தில் துடுப்புச் சத்தம் கேட்கவில்லையாம். நிவேதா இறங்க மறுத்து இன்னொரு சுற்றும் போனார்கள்.

அந்த ஞாயிறு பொழுது சாயும்போது வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். வேன் வந்து நின்றது. தூங்கும் பாண்டியை அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு முன்னே போனார். கடைசியாக அக்கா இறங்கினார். தலை கலைந்து, மூக்கு சிவந்து, பள்ளி விட்டு வரும் பிள்ளைபோலக் கைகளை வீசிக்கொண்டு வந்தார்.

"எப்படி இருந்துச்சுக்கா?"

"குளிருன்னா குளிரு தம்பி. எப்பவும் பைக்குள்ளயே கைய விட்டுட்டு இருப்பேன். இன்னைக்கு எடுக்க ஒண்ணும் இல்லையா, போற வழி பூராவும் வெளிய பாத்துக்கிட்டே போனேன்."

எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆனாலும் அவர் அப்படியே கை வீசி நடந்து உள்ளே போய், விளக்குப் போடும்வரை வாசலில் நின்றேன்.