மாப்பிள்ளையை மௌத்தாக்கிய முதல் வரி

இணையத்தளம் நடத்துகிறவனுக்குக் கணினி பற்றி எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அன்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. (இன்றும் முழுதாக விளங்கியதென்று சத்தியம் பண்ணமாட்டேன்.)

காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்: 2009, யுத்தம் முடிந்த வருடம், நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை. என் தங்கை றிஸ்னாவுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை நஸீருக்குக் கட்டாரில் வேலை. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று, நான் நடத்திய ஊர்த் தளத்தில் ‘மாப்பிள்ளை’ என்று ஆங்கில எழுத்தில் முகவரி கொடுத்து ஒரு பக்கம் திறந்து அவர் படத்தைப் போட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். அதே கையோடு, தளத்தை இயக்கிய சேவர் மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றினேன்.

மறுநாள் நஸீரின் உம்மா தொலைபேசியில் அழுதார்.

“மனே, என்ட புள்ளைர படத்துக்கு மேல ‘இன்னாலில்லாஹி’ என்டு போட்டிரிக்காமே! கலியாணமும் வேணா, ஒண்டும் வேணா!”

இறந்தவர்களுக்கு, எங்கள் பேச்சில் மௌத்தானவர்களுக்கு, சொல்லும் வாசகம் அது. என் கணினியில் திறந்தேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார்.

“மாமி, இஞ்ச சரியாத்தானே இரிக்கி?”

(என் கணினி தான் சேமித்து வைத்திருந்த பழைய பக்கத்தைக் காட்டுகிறது என்பது மண்டையில் ஏறவில்லை.) நெட் கபேயில் போய்ப் பார்த்தேன். கறுப்புச் சட்டத்துக்குள் அதே சிரிப்பு!

சேவரை நிறுத்தி மீண்டும் தொடக்கினேன். படத்தை மாற்றினேன். சிரிக்காத படமும் மௌத்தாகியே வந்தது. அதற்குள் கட்டாரிலிருந்து அழைப்பு.

“மச்சான், நான் மௌத்தாம். அடக்கம் எத்தின மணிக்கு? லீவு கேக்கணும்.”

அவர் சிரித்தார், அவருடைய உம்மா சிரிக்கவில்லை. அதுவரை அந்தத் தளத்தில் வந்த மௌத்துச் செய்தி எதுவும் பொய்யானதில்லை. சுனாமி நாட்களில், மௌத்தானவர்களின் பெயர்களை வெளிநாட்டில் இருந்தோருக்கு அறிவிக்கத்தான் அதைத் தொடங்கினேன். எந்த முகவரி எந்தப் பக்கத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் கோப்பின் முதல் வரியும் அப்போது எழுதியதே. அவசரத்தில், மௌத்து அறிவித்தல்களுக்கு ‘எம்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தையே வழியாகக் கொடுத்திருந்தேன். அந்த வழியில் வரும் எந்தப் படத்துக்கும் கறுப்புச் சட்டமும் ‘இன்னாலில்லாஹி’யும் தானாகவே விழும்.

கோப்பை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். றிஸ்னா அழுத கண்ணோடு பின்னால் நின்றாள்.

“எம் என்டா என்ன காக்கா?”

“மௌத்து.”

“மாப்பிள்ளையும் எம்முலதானே தொடங்குது?”

“ஓம்...”

“அப்ப மௌத்த ஏன் முதல் வரியில வெச்சிரிக்கீங்க? எல்லாருக்கும் அது கடைசியிலதானே வரும்!”

அவள் கோபத்தில்தான் சொன்னாள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பழைய சேவர் முழு முகவரியும் பொருந்துகிறதா என்று பார்த்தது. புதியது மேலிருந்து வாசித்து, தொடக்க எழுத்து பொருந்திய முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அந்த வரியை வெட்டி, மாப்பிள்ளை வரிக்கும் கீழே, அடியில் ஒட்டினேன்.

மாமி நெட் கபேக்கு நேரில் வந்து, மகன் சட்டமில்லாமல் சிரிப்பதைக் கண்ணால் கண்ட பிறகே கலியாணத்துக்கு உயிர் வந்தது.

இப்போதும் நஸீர் மச்சான் தொலைபேசி எடுத்தால், ஸலாத்துக்கு அடுத்த பேச்சு இதுதான்:

“மச்சான், அந்த வரி கடைசியிலதானே இரிக்கி?”

“ஓம் மச்சான், கடைசியிலதான்.”

பின்னாலிருந்து றிஸ்னாவின் குரல் கேட்கும்: “எதுக்கும் ஒருக்காத் திறந்து பாக்கச் சொல்லுங்க!”