தூணைப் பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், சுத்தியலடி பட்ட அப்பாவின் இடது கட்டைவிரல் தவிர. நடந்தவை அனைத்தையும் உண்மையாகவே பதிவு செய்யப் போகிறேன். எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் விடமாட்டேன்.

போன வருடம் எங்கள் தோட்டத்துக் கொடிப்பந்தலைப் பார்த்து, "அண்ணே, தூண அப்படியே மண்ணுல நட்டிருக்கீங்க. அடி இத்துப்போய் ஒரு மழைக்கு விழுந்துடும்" என்றீர்கள். அப்பா கத்தினார், நீங்கள் கோபித்துக்கொண்டு போனீர்கள். பந்தல் நின்றிருந்தால் அப்பா உங்களை என்றோ மன்னித்திருப்பார். விழுந்துவிட்டது.

இப்போது புதிய தூண்கள் செய்கிறார், உங்களிடம் சொல்லாமல், நீங்கள் சொன்னபடியே. கான்கிரீட்டில் பதித்த இரும்புத் தட்டின்மேல் தூண் நிற்கும், மண்ணைத் தொடாது. உள்ளே கனமான ஒரு மரம், அதைச் சுற்றி இழைத்த நான்கு பலகைகள், உச்சியில் மழைநீர் வழியச் சரிவான மூடி. உண்மையிலேயே அழகு. ஆனால் தூண் நிறுத்த இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க. அப்பா யாரையும் கூப்பிடமாட்டேன் என்கிறார். அதனால் முதல் தூணைத் துணி காயும் கயிற்றில் கட்டினார். ஈரப் போர்வைகள் காயக் காயக் கயிறு மேலே எழும்பியது, தூணும் கூடவே சாய்ந்தது. இரண்டாவது தூணுக்குப் பசை தடவிப் பலகையை மூடியபோது சட்டை நுனி உள்ளே மாட்டிக்கொண்டது. அப்பா சட்டையைக் கழற்றித்தான் வெளியே வந்தார். அம்மா பார்த்துவிட்டு, "சட்ட மட்டும் நல்லா உறுதியா நிக்குதுங்க" என்றார். மூன்றாவதை நானாகவே போய்ப் பிடித்தேன், மறுகையில் புத்தகத்துடன். பக்கம் திருப்பும்போதெல்லாம் தூண் நகர்ந்ததாம். கதை நல்ல கட்டத்தில் இருந்ததால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான்காவது தூணின்போதுதான் நான் புத்தகத்தை மூடினேன். அப்பா ஒற்றைக் கண்ணை மூடித் தூணைப் பார்த்தபடி, "டேய், கொஞ்சம் உன் பக்கம் தள்ளுடா" என்றார். அங்கே யாருமில்லை. எங்கள் வீட்டில் அவர் 'டேய்' என்று கூப்பிடும் ஆளே கிடையாது. சிறிது நேரம் கையை நீட்டியபடியே நின்றார், பிறகு தானே போய்த் தள்ளினார்.

எப்படியோ நான்கையும் நேராக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேல் உத்தரங்களை ஏற்ற வேண்டும். ஒரு முனையை ஏணியில் வைத்து, மறுமுனையைத் தோளில் தாங்கித் தனியாகவே ஏற்றுவாராம். "தூணு நிக்கும், மனுஷன் நிக்கணுமே" என்று அம்மா சமையலறையில் முணுமுணுக்கிறார். எனக்கும் பயமாக இருக்கிறது.

ஆகவே, ஞாயிறு காலை தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததுபோல் வாருங்கள். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

சித்திக்கு என் வணக்கம், தம்பிக்கு ஒரு செல்லக் கிள்ளு.

பின்குறிப்பு: தெரிந்துவிட்டது. நாற்காலிக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தத் தற்செயல அடிச்சிடு" என்றார். "அண்ணன் வரச் சொன்னான்னு எழுது."

எழுதிவிட்டேன். "சித்தப்பா அன்னிக்குச் சொன்னது சரின்னும் எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.